சிலேட்டிலிருந்து மடிக்கணினி வரை

ஒரு சமுதாயத்தின் கல்வி வரலாற்றை அதன் பள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளந்துவிட இயலாது. எழுதும் கருவி யார் கையில் இருந்தது, அது எந்த வீதியில் வைக்கப்பட்டிருந்தது, அதனைப் பழக்கிக் கொடுத்தவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்டால்தான் அவ்வரலாறு விளங்கும். ஓலையும் எழுத்தாணியும் ஒரு காலத்தில் ஒரு சிலருக்கே உரிமையாயிருந்தன. பின்னர்ச் சிலேட்டும் பலப்பமும் வந்தன. தட்டச்சுப் பொறி வந்தது. இன்று மடிக்கணினி வந்துள்ளது. கருவிகள் மாறின, அம்மூன்று வினாக்கள் மட்டும் மாறவில்லை.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி, நகரங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகளும் அன்பர்கள் சிலரும் தாம் பயன்படுத்திய மடிக்கணினிகளைச் சங்கத்திற்கு வழங்க முன்வந்திருப்பதை உறுப்பினர் அனைவரும் அறிவர். அவற்றை விழா மேடையில் மாணவர்க்குப் பகிர்ந்தளிப்பதா, சங்க அலுவலகத்தில் வைத்துக் காப்பதா, இரவுப் பள்ளியில் வைத்துப் பயிற்சி நடத்துவதா என்னும் பேச்சும் நம்மிடையே நடைபெற்று வருகிறது. இவ்வினாவுக்கு நம் முன்னோரின் பட்டறிவும் அண்மைக்கால வரலாறும் தெளிவான விடை தருகின்றன. அதனை இளைஞர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்கொடையில் பிறந்த பள்ளிகள்

பிறர் தந்த பொருளால் நம் மக்கள் கல்வி பெற்றது புதிய செய்தியன்று. அடையாற்றில் பிரம்மஞான சபையை நடத்தி வந்த அமெரிக்கரான கர்னல் ஆல்காட், 1894ஆம் ஆண்டில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1907இல் அவர் மறைவதற்குள் சென்னையில் அத்தகைய பள்ளிகள் ஐந்தாகப் பெருகியிருந்தன. கட்டணம் இல்லை, சிலேட்டும் புத்தகமும் வாங்க வழியற்ற பிள்ளைகளுக்கு அப்பள்ளிகளே புகலிடமாயின.

ஆயினும், அப்பள்ளிகளை ஒரு வெள்ளைக்காரரின் இரக்கம் மட்டுமே உண்டாக்கியது என்று எண்ணுவது பிழையாகும். அதற்கு முன்பே, 1891இல், பண்டிதர் அயோத்திதாசர் நீலகிரியில் கூட்டிய திராவிட மகாஜன சபையின் மாநாட்டுக் கோரிக்கைகளில் கல்வி இடம்பெற்றிருந்தது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் மக்களின் பெயரையே தலைப்பாகச் சூட்டி ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கியிருந்தார். கேட்கும் குரல் முதலில் நம்மிடமிருந்து எழுந்தது. கொடுக்கும் கை பின்னர் வந்தது. இவ்வரிசையை நம் இளைஞர்கள் மறத்தலாகாது. கேட்கத் தெரிந்த சமுதாயத்தின் கையில்தான் நன்கொடை கல்வியாக மாறுகிறது. கேளாமல் வருவது பெரும்பாலும் மூலையில் கிடக்கிறது.

பள்ளி இருந்தது, வாயில் இல்லை

கருவியை எங்கே வைப்பது என்னும் வினாவின் கடுமையை உணர்த்தும் அரசு ஆவணம் ஒன்று உண்டு. 1919ஆம் ஆண்டில் சென்னை அரசு வெளியிட்ட கல்வி ஆணை ஒன்றில், பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளுள் 609 பள்ளிகளே பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன என்னும் கணக்கு காணப்படுகிறது. அதாவது நூற்றுக்கு எட்டுப் பள்ளிகள்கூட இல்லை.

இவற்றுள் மிகப் பல பள்ளிகளின் விதிகளில் தடை எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. பள்ளி அக்கிரகாரத்தில் இருந்தது. கோயில் மண்டபத்தில் இருந்தது. ஊர்ச் சாவடியில் இருந்தது. பெரிய வீட்டுத் திண்ணையில் இருந்தது. அவ்வீதியில் நடக்கவே உரிமையற்ற பிள்ளை அங்கே சென்று சிலேட்டைக் கையில் எடுப்பது எங்ஙனம்? சட்டம் திறந்து வைத்த பள்ளியை வீதி மூடி வைத்தது. பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் பொதுக் கட்டடங்களிலும் தாழ்த்தப்பட்டோர்க்கு உரிமை உண்டு என்னும் தீர்மானத்தை 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேறச் செய்ததன் பொருளை இக்கணக்கோடு சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். சாலை உரிமையும் கல்வி உரிமையும் அன்று ஒன்றாகவே இருந்தன.

இந்நிலையில் தொழிலாளர் துறையின் பொறுப்பில் சேரிகளிலேயே பள்ளிகள் திறக்கப்பட்டன. நம் முதியோர் ‘லேபர் பள்ளி’ என்று இன்றும் வழங்கும் பள்ளிகள் அவையே. பிற்காலத்தில் அவை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. ஓலைக் கூரையும் ஓராசிரியரும் உடைய எளிய பள்ளிகளேயாயினும், அவை நம் வாயிலில் இருந்தன. நம் குடும்பங்களில் முதன்முதலில் கையெழுத்திடக் கற்றவர் பலர் அங்கே பயின்றவராவர்.

தட்டச்சுப் பொறி

விடுதலைக்குப் பின் வந்த தலைமுறைக்குத் தட்டச்சுப் பொறியே வேலைவாய்ப்பின் திறவுகோலாயிருந்தது. பள்ளியிறுதி தேறிய இளைஞன் ஆங்கிலத்திலும் தமிழிலும் தட்டச்சில் தேர்ச்சி பெற்றால் அரசு அலுவலகத்தில் அமரலாம் என்னும் நிலை இருந்தது. ஆனால் பொறி பயிலகத்தில் இருந்தது. பயிலகம் நகரத்தில் இருந்தது. அங்கே மாதக் கட்டணமும் பேருந்துச் செலவும் வேண்டியிருந்தன. இட ஒதுக்கீட்டில் இடம் இருந்தும், விரல் பழகாமையால் அவ்விடத்தை இழந்த இளைஞர்கள் நம்மில் பலர். உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, அதனை எட்டிப் பிடிக்கும் பயிற்சியும் வேண்டும் என்பதை அத்தலைமுறை நன்கு உணர்ந்தது.

எம்பலத்தின் இரு வாயில்கள்

இனி, கணினியின் காலத்திற்கு வருவோம். 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு ஆராய்ச்சி வளர்ச்சி அமைப்பின் உதவியுடன் புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுவிடமாக அமைந்தது. அங்கிருந்து கம்பியில்லா முறையில் சுற்றியுள்ள ஊர்களுக்குச் செய்தி சென்றது. மின்சாரம் நின்றாலும் பணி நில்லாதிருக்கச் சூரிய ஒளித் தகடுகள் பொருத்தப்பட்டன. நெல் விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவ வசதி ஆகியவை தமிழிலேயே கிடைத்தன. வீராம்பட்டினத்து மீனவர்கள் அலையின் உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து பெறப்பட்ட குறிப்பால் முன்கூட்டியே அறிந்தனர்.

அந்நிறுவனம் ஊரார்க்கு ஒரு நிபந்தனை விதித்தது. இடத்தையும் ஆளையும் ஊரே தர வேண்டும். அவ்விடம் சாதி வேறுபாடின்றி அனைவரும் நுழையக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதே அது. எம்பலம் என்னும் ஊரில் மையம் கோயிலை ஒட்டிய கட்டடத்தில் அமைந்தது. அக்கோயிலுக்கு இரு வாயில்கள் இருந்தன. ஒன்று வழிபாட்டுக்குரியது, அதனுள் தாழ்த்தப்பட்டோர் நுழைதல் கூடாது. மற்றொன்று கணினி அறைக்குரியது. அதனுள் எவரும் நுழையலாம். இச்செய்தி 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாளிதழ் வாயிலாக உலகெங்கும் பரவிற்று.

இதனை நாம் இரு வகையாக நோக்கலாம். நிபந்தனை விதித்தமையால் ஒரு கதவாவது திறந்தது என்பது மகிழ்ச்சிக்குரியது. 1919ஆம் ஆண்டு ஆணை வெளிவந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அதே கட்டடத்தில் மற்றொரு கதவு மூடியே இருந்தது என்பது வேதனைக்குரியது. கணினி சாதியைத் தானாக ஒழித்துவிடும் என்று கூறுவோர் எம்பலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்கே கதவைத் திறந்தது கணினியன்று. கொடுத்தவர் விதித்த நிபந்தனையே.

மேலூர் கற்பித்த பாடம்

2001ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதியில் வேறொரு முயற்சி நடந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் கூடி, கம்பியில்லாத் தொலைபேசி நுட்பத்தால் சிற்றூர்களில் இணைய நிலையங்களை அமைத்தன. அவற்றின் எண்ணிக்கை 80க்கு மேல் உயர்ந்தது. அந்நிலையங்களைப் பயன்படுத்தியோர் யாவர் என ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் இளைஞர், ஆண்கள், படித்தவர், ஓரளவு வசதியுள்ளவர், முன்னேறிய சாதியினர் என்பது புலப்பட்டது. ஆனால், தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்கு அருகில் நிலையம் அமைந்த இடங்களில் நம் மக்கள் மிகுதியாக வந்தனர் என்பதும் உடன் தெரிந்தது. 1919இல் சென்னை அரசு கண்ட உண்மையைத்தான் ஆராய்ச்சியாளர் மீண்டும் கண்டனர்.

மேலூர் மற்றொரு பாடத்தையும் கற்பித்தது. சில ஆண்டுகளிலேயே அந்நிலையங்களில் பல மூடப்பட்டன. பொறி பழுதுற்றபோது பார்ப்பாரில்லை, வருவாய் போதவில்லை, துணை நின்ற நிறுவனங்களின் தொடர்பு தளர்ந்தது. திறப்பு விழாவுக்கு வந்த கூட்டம் பழுது பார்க்க வரவில்லை. கருவி தருவது ஒரு நாள் வேலை. அதனை நடத்துவது பல்லாண்டு வேலை.

அண்ணலின் பெயரால் ஒரு கணினிக் கூடம்

நம் சங்கத்தின் நோக்கத்திற்கு மிக அணித்தான எடுத்துக்காட்டு பெங்களூரில் உள்ளது. அந்நகரின் சுதர்சன் லேஅவுட் என்னும் குடிசைப் பகுதியில், கர்நாடகச் சுதந்திர மென்பொருள் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் ‘அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம்’ என்னும் பெயரில் ஒரு கூடத்தை ஏற்படுத்தினர். பிறர் பயன்படுத்தி விலக்கிய கணினிகள் நன்கொடையாகப் பெறப்பட்டன. கணினித் தொழிலில் பணிபுரிவோரும் கல்லூரி மாணவரும் விடுமுறை நாட்களில் வந்து ஊதியமின்றிக் கற்பித்தனர். கணினி என்பது பெரிய இடத்துப் பொருள், நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எண்ணியிருந்த கூலித் தொழிலாளரின் பிள்ளைகள் அங்கே வந்தமர்ந்தனர்.

இங்கே சுதந்திர மென்பொருள் என்பதனைச் சற்று விளக்குதல் நலம். கணினியை இயக்கும் நிரல்களில் விலை கொடுத்து வாங்குவனவும், பிறர் திருத்தவோ பகிரவோ இயலாதவாறு பூட்டப்பட்டனவும் உண்டு. இவற்றுக்கு மாறாக, எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமையளிப்பவை சுதந்திர மென்பொருள்கள். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டத்திலிருந்து வளர்ந்த இயக்கம் இது. லினக்ஸ் என வழங்கப்பெறுவதும் இவ்வகையினதே. கிணற்றுக்குப் பூட்டுப் போடுவதை எதிர்த்த மரபில் வந்த நமக்கு இக்கருத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று.

பெங்களூர்ப் பிள்ளைகள் பள்ளிப் பாடங்களைக் கணினியின் துணையால் கற்றதோடு, கிம்ப் என்னும் சுதந்திர மென்பொருளைக் கொண்டு ஓவியமும் வரைந்தனர். அவர்களுள் ஒரு சிறுவன் வரைந்த படங்கள் க்னூ திட்டத்தின் கல்விப் பக்கங்களில் இடம்பெற்று உலகோர் பார்வைக்கு வந்தன. ஒதுக்கித் தள்ளப்பட்ட கணினியில் ஒதுக்கி வைக்கப்பட்ட பகுதியின் பிள்ளை வரைந்த படம் அது.

அக்கூடம் நன்கு அமைந்ததன் காரணங்களை எண்ணிப் பார்ப்போம். அது குடிசைப் பகுதிக்குள்ளேயே இருந்தது. கணினியோடு கற்பிப்பவரும் வந்தார். ஒரு நாள் வந்து போகாமல் வாரந்தோறும் வந்தார். மென்பொருளுக்குச் செலவில்லை. அண்ணலின் பெயர் வாயிலில் இருந்தமையால், அது தருமத்துக்குக் கிடைத்த இடமன்று, தம் உரிமையிடம் என்னும் எண்ணம் பிள்ளைகளுக்கு உண்டாயிற்று. அண்ணல் அம்பேத்கரே பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றவர். பெற்ற உதவியைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாமல் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். பெற்றவர் கொடுப்பவராக மாறுவதே நன்கொடையின் நிறைவு.

அரசு வழங்கிய மடிக்கணினி

2011 செப்டம்பர் 15ஆம் நாள், அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளில், தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்றது. முதலாண்டில் 9.12 இலட்சம் மடிக்கணினிகளுக்கு 912 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் மொத்தம் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பெற்றனர். அரசுப் பள்ளியில் பயின்ற தோல் தொழிலாளியின் மகளுக்கும் ஒரு கணினி சொந்தமாகக் கிடைத்தது. இதற்கு ஈடான நிகழ்ச்சி நம் கல்வி வரலாற்றில் மிகச் சிலவே. பட்டப் படிப்பை அதன் துணையாலேயே முடித்துப் பணியில் அமர்ந்தோர் நம் பகுதியிலும் உள்ளனர்.

ஆயினும், ஆசிரியப் பணியில் நாம் கண்டவற்றையும் கூறுதல் கடமை. மின்கலம் கெட்டபின் மாற்ற இயலாமல் பரணுக்குச் சென்றவை உண்டு. குடும்ப இடரால் அடகுக்குச் சென்றவை உண்டு. மகளுக்குத் தரப்பட்டு மகன் கைக்கு மாறியவை உண்டு. படம் பார்ப்பதற்கன்றி வேறெதற்கும் திறக்கப்படாதவையும் உண்டு. இதனைப் பிள்ளைகளின் குறையாகக் கருதுதல் நேர்மையன்று. தமிழில் தட்டச்சு செய்வது எப்படி, விண்ணப்பம் எழுதுவது எப்படி, கணக்கேடு அமைப்பது எப்படி என்று பள்ளிக்கு வெளியே சொல்லித்தர ஆளில்லை. அக்கருவியினுள் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் இந்திய லினக்ஸும் வைத்துத் தரப்பட்டிருந்தது. அதனைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

2020ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்று இந்த இடைவெளியை அனைவர்க்கும் காட்டிற்று. பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணைய வழியே சென்றபோது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீடுகள் நம் தெருக்களில் இருந்தன. பின்னர் 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கி, குடியிருப்புகளிலேயே மாலை வகுப்புகளைத் தன்னார்வலர் வாயிலாக நடத்தியது. பழைய லேபர் பள்ளியின் உண்மை மீண்டும் நிலைநாட்டப்பட்டது: பிள்ளை இருக்கும் இடத்திற்குக் கல்வி செல்ல வேண்டும். 2025 மார்ச்சில் வெளியான வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கும் அறிவிப்பு இடம்பெற்றது. எனவே கருவி வரும் வழி இன்று அடைபட்டிருக்கவில்லை. பயிற்சியே இனி நம் பொறுப்பு.

ஒடுகத்தூரில் செய்யத்தக்கது

நம் ஊர் சவ்வாது மலையின் அடிவாரத்தில் இருப்பினும், நம் வாழ்வு ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய தோல் நகரங்களோடு பிணைந்தது. விடியற்காலையில் காலணித் தொழிற்சாலைக்குப் புறப்படும் நம் மகளிரைக் காணாத நாளில்லை. தோலை ஊறவைத்துச் சுண்ணாம்பிட்டுப் பதனிட்டவர்கள் நம் முன்னோர். இன்று அத்தோலை வெட்டித் தைப்பவர்கள் நம் பெண்கள். ஆனால் காலணியின் வடிவத்தை வரையும் அறையில் நம்மவர் மிகச் சிலரே. முன்னாளில் அட்டையில் வரைந்து கத்தியால் வெட்டி எடுத்த வடிவங்கள், இன்று கணினித் திரையில் வரையப்பட்டு இயந்திரத்தால் வெட்டப்படுகின்றன. தோலின் தன்மையைக் கையால் அறிந்த சமுதாயம், கணினி அறியாமையால் வெட்டுமேசையோடு நின்றுவிடுவது நியாயமாகுமா? 1948இல் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில் உள்ளது. அங்கே பயிலவும் பணிபுரியவும் நம் பிள்ளைகள் செல்ல வேண்டும். அதற்குரிய முதற்படியை ஒடுகத்தூரிலேயே கட்டுதல் வேண்டும்.

இவ்வரலாற்றின் ஒளியில் சங்கத்தின் முன் சில கருத்துகளை வைக்கிறோம்.

முதலாவது, நன்கொடையாக வரும் மடிக்கணினிகளை விழா மேடையில் பகிர்ந்தளித்தல் வேண்டா. அலுவலகப் பீரோவில் பூட்டி வைத்தலும் வேண்டா. நம் குடியிருப்பின் நடுவே உள்ள இரவுப் பள்ளியில் அவை இருக்கட்டும். சாவி ஒருவரிடம் மட்டும் இல்லாதிருக்கட்டும்.

இரண்டாவது, தொழிற்சாலையிலிருந்து திரும்பும் பெண்களுக்கென ஞாயிற்றுக்கிழமையில் தனி நேரம் ஒதுக்கப்படட்டும். வீட்டில் தம்பிக்கு விட்டுக்கொடுத்த கருவியை அவர்கள் இங்கேயாவது தடையின்றித் தொடட்டும்.

மூன்றாவது, வரும் பொருளை ஆராய்ந்து பெறுதல் வேண்டும். விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றமையால், நல்ல நிலையில் உள்ள கணினிகளும் பலரால் விலக்கப்படுகின்றன. அவற்றில் லினக்ஸை நிறுவினால் மேலும் பல்லாண்டு உழைக்கும். ஆனால் எதற்கும் உதவாதவற்றை நம் தலையில் கொட்டுவதற்கு நாம் இணங்கலாகாது. கழிவு கொட்டும் இடமாக இருந்து பாலாற்றங்கரை பட்ட துன்பம் போதும்.

நான்காவது, தமிழே முதற்படியாக இருத்தல் வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை அரசின் ஏற்பைப் பெற்றது. 2010இல் ஒருங்குறியை அரசு ஏற்றது. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் சுதந்திர மென்பொருளைத் தமிழிலேயே கற்பித்து வருகிறது. ஆங்கிலம் தெரியாது என்று அஞ்சி நிற்பதற்குரிய காலம் கடந்துவிட்டது. தமிழில் தொடங்கி, பின்னர் ஆங்கிலத்தையும் வென்றெடுக்கலாம்.

ஐந்தாவதும் தலையாயதும், கற்பிப்பவர் நம்முள்ளிருந்து எழ வேண்டும். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவினர் சிற்றூர் மாணவர்க்குக் கட்டணமின்றிப் பயிற்சியளித்து வருகின்றனர். விழுப்புரத்தில் இயல்வது ஒடுகத்தூரில் இயலாததன்று. சங்கத்தின் உதவியால் பொறியியலும் கணினியியலும் பயின்று சென்னையிலும் பெங்களூரிலும் பணியாற்றும் இளைஞர்களே! மடிக்கணினி அனுப்பிய உங்கள் அன்பைப் போற்றுகிறோம். அதனினும் மேலாக உங்களிடம் வேண்டுவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழுது பார்க்க இரண்டு பிள்ளைகளையாவது பழக்கி விட்டுச் செல்லுங்கள். அவர்கள் அடுத்த நால்வரைப் பழக்குவர்.

மேலே கேட்ட மூன்று வினாக்களுக்கும் நம் முன்னோர் தம் காலத்திற்கேற்ற விடை கண்டனர். சிலேட்டைச் சேரிக்குள் கொண்டுவந்தனர், சாலையைத் திறந்தனர், தம்முள்ளிருந்தே ஆசிரியரை ஆக்கினர். மடிக்கணினிக்கு விடை காணும் பொறுப்பு நம்முடையது. வெள்ளி விழாக் கண்ட நம் சங்கம் பொன்விழாவை எய்தும்போது, அன்றைய மலரில் இக்கூடத்தில் பயின்ற பிள்ளைகளின் பெயர்கள் ஆசிரியர் வரிசையிலும் நன்கொடையாளர் வரிசையிலும் இடம்பெற வேண்டும். அதற்கான வேலை இந்த மாதமே, இரவுப் பள்ளியின் கதவைத் திறப்பதில் தொடங்கட்டும்.